ஓணாங்கரட்டு மாதிரி வனம்

எங்கள் ஊர் வேலாங்காட்டுப்புதூருக்கு மேற்கே ஓணாங்கரடு என்று ஒரு கரடு, அதாவது பாறைக் குன்று, இருக்கிறது. அதில் மொத்தம் மூன்று மரங்கள். ஒன்று பாதி பட்டுப்போன ஊஞ்ச மரம். மற்ற இரண்டும் பாறை இடுக்கில் முளைத்ததால் வெட்டுகிறவன் கைக்கு எட்டாமல் தப்பித்தவை. மிச்சமெல்லாம் பாறை, பாறைமேல் ஓணான். 1934-ஆம் வருஷத்து வன இலாகாக் கணக்கில் இதே கரட்டில் நாற்பத்தோராயிரத்து அறுநூறு மரங்கள் இருந்தன. நான் என் கண்ணாலேயே பார்த்தேன். கணக்கைச் சொல்கிறேன், மரங்களை அல்ல.

இதைப் பொய்க் கணக்கு என்று சொல்லிவிடாதீர்கள். பொய் சொல்வதற்குக் கொஞ்சமாவது யோசிக்க வேண்டும். இலாகாவில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. எந்தக் காலத்திலோ ஒரு துரை வந்து, அன்றைக்கு இருந்த மரங்களை எண்ணி, கரட்டை ரிசர்வ் ஆக்கி, வருஷத்துக்கு நூற்றுக்கு நான்கு வீதம் மரம் பெருகும் என்று திட்டப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போனார். பின்னால் வந்த ரேஞ்சர்கள் மார்ச் மாதமானால் உட்கார்ந்து பெருக்கினார்கள். நடுவில் கண்டிராக்டர்கள் வண்டி வண்டியாக வெட்டிப் போனதைக் கழித்திருக்கலாமே என்பீர்கள். அனுமதியோடு வெட்டினால் அதற்குப் பெயர் வெட்டு அல்ல, ‘பயன் எடுத்தல்’. எங்கள் ஊர்க் கூலிக்காரன் மாசாணம் அடுப்புக்கு ஒரு சுள்ளி ஒடித்தால் அதற்குப் பெயர் வன நாசம். ஒடிக்கச் சுள்ளி இல்லாமல் போனதால் அந்தக் குற்றமும் எங்கள் ஊரில் குறைந்து வந்தது. அதையும் இலாகா தன் சாதனையில் சேர்த்துக்கொண்டது.

நான் யாரென்று சொல்லவில்லை. கரட்டுக்குப் பக்கத்தில் வெள்ளாமை செய்கிறவன். தாராபுரத்தில் மூன்றாம் பாரம் வரை படித்துத் தொலைத்ததற்குத் தண்டனையாக ஊருக்கே மனு எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. அதனால்தான் இந்தக் கூத்து முழுவதும் எனக்குத் தெரியும்.

கரட்டுக்கு இக்கட்டில், அதாவது இந்தப் பக்கம், வண்டித்தடம் தாண்டினால், சுப்பண்ணனின் கொறங்காடு. எங்கள் சீமையில் மாடு மேய்வதற்கென்றே ஏர் படாமல் விட்டுவைத்த நிலத்துக்குக் கொறங்காடு என்று பெயர். சுற்றிலும் ஆடு கூட நுழையாத கிளுவை வேலி. உள்ளே முழங்காலுக்குக் கொழுக்கட்டைப் புல். புல்லுக்கு நடுவே குடை விரித்த மாதிரி வெள்வேல மரங்கள். எட்டு ஏக்கரை நடுவே ஒரு வேலி போட்டுப் பிரித்து, ஒரு பாதியில் மாடு மேயும்போது மறு பாதியில் புல் விதை உதிர விட்டுவைப்பார்கள். இதையெல்லாம் பார்த்துக்கொள்வது சுப்பண்ணனின் சம்சாரம் தெய்வாத்தாள். அவளிடம் விதிப் புத்தகம் எதுவும் கிடையாது. படல் ஒன்று இருந்தது. அதை எந்த மாதம் திறப்பது, எந்த மாதம் சாத்துவது என்று தெரியும். அந்தக் காட்டை நம்பித்தான் மயிலை, செவலை, காரி என்று மூன்று பசுக்களும், அந்த மூன்று பசுக்களை நம்பித்தான் அந்தக் குடும்பமும் இருந்தன.

சுப்பண்ணன் நல்ல மனிதர். அவர் வாயில் ‘இல்லை’ என்ற சொல் வந்து நான் கேட்டதில்லை. யார் எதைச் சொன்னாலும், “சரிங்க” என்பார். வெயில் கொடுமை என்றாலும் “சரிங்க”, உன் வேட்டி கிழிந்திருக்கிறது என்றாலும் “சரிங்க”. இந்தக் குணத்தை இலாகா எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அந்த வருஷம் தைப் பொங்கல் கழிந்ததும் ரேஞ்சர் கோவிந்தராஜுலு சிவப்புக் குதிரையில் வந்து சாவடியில் இறங்கினார். பின்னால் வனக் காவல் கார்டு கரீம் ஒரு தகரப் பெட்டியைச் சுமந்துகொண்டு நடந்து வந்தார். பெட்டிக்குள் இருந்தது, ‘வனங்களை நிலைத்த பயனுடன் பராமரிப்பதற்கான வழிகாட்டு விதிகள்’. மொத்தம் நூற்றுப் பதினான்கு விதிகள். ஊரைக் கூட்டி ரேஞ்சர் பேசினார்.

“மகாஜனங்களே! இதுவரை சர்க்கார் காட்டை உங்களிடமிருந்து காப்பாற்றி வந்தது. இனிமேல் உங்களைக் கலந்துகொண்டு உங்களிடமிருந்து காப்பாற்றப் போகிறது. இதுதான் புதிய கொள்கை. இதற்காக உங்களில் ஏழு பேரைக் கொண்டு ஒரு கமிட்டி அமைக்கிறோம். கமிட்டிக்குச் சகல சுதந்திரமும் உண்டு. அது என்ன தீர்மானம் செய்ய வேண்டும் என்பதை நான் முன்கூட்டியே எழுதிக் கொண்டுவந்துவிடுவேன்; உங்களுக்குச் சிரமம் இருக்காது.”

சுப்பண்ணன் எழுந்து, துண்டைத் தோளிலிருந்து கையில் எடுத்துக்கொண்டு கேட்டார். “ஏனுங்க, கரட்டுல மரமே இல்லீங்களே? எதைங்க காப்பாத்தறது?”

ரேஞ்சர் கோபித்துக்கொள்ளவில்லை. புத்தகத்தைப் பிரித்தார். “விதி ஒன்று. காடு என்பது காடு என்று அறிவிக்கப்பட்ட இடம். இதில் மரம் என்ற சொல் எங்கேயாவது வருகிறதா? மரம் இன்றைக்கு இருக்கும், நாளைக்குப் போகும். அறிவிப்பு போகாது. புரிகிறதா?”

“சரிங்க,” என்றார் சுப்பண்ணன். உடனே அவரை முதல் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டார்கள்.

ஏழாவது உறுப்பினர், ‘காட்டை நம்பி வாழும் ஏழை மக்களின் பிரதிநிதி’ என்று விதியில் இருந்தது. அது மாசாணத்துக்கு விழுந்தது. தெய்வாத்தாளின் காட்டில் வேலை செய்கிறவன். சாவடிப் படி ஏற அவனுக்கு இடமில்லை என்பதால், கூட்டம் நடந்தபோதெல்லாம் வெளியே வெயிலில் நின்றபடி உறுப்பினனாக இருந்தான். இது இலாகாவின் விதியல்ல. எங்கள் ஊரின் விதி. அதை மாற்ற வேண்டும் என்று ரேஞ்சருக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

கமிட்டியின் முதல் காரியம் தீத் தடுப்பு. விதி பதினெட்டின்படி காட்டைச் சுற்றி முப்பதடி அகலத்துக்குச் சருகில்லாமல் கூட்ட வேண்டும். சருகு உதிர மரம் வேண்டும் என்பதை விதி பதினெட்டு கவனிக்கவில்லை. மாசாணமும் இன்னும் பதினைந்து பேரும் எட்டு நாள் வெறும் பாறையைச் சீமாறு கொண்டு கூட்டினார்கள். ஓணான்கள் ஒதுங்கி வழிவிட்டன. அந்த மாதம் ஓணாங்கரட்டில் தீப் பிடிக்கவில்லை. ‘பொதுமக்களைக் கலந்துகொண்டதால் நாற்பத்தோராயிரத்து அறுநூறு மரங்களும் தீயிலிருந்து தப்பின’ என்று ரேஞ்சர் மேலே எழுதினார்.

அதுதான் வினையாகப் போயிற்று. இந்த அற்புதக் காட்டைத் தாமே பார்க்க வருவதாகக் கன்சர்வேட்டர் துரையிடமிருந்து பதில் வந்துவிட்டது.

ரேஞ்சர் அன்று கரட்டின் அடியில் நின்று மேலே பார்த்தார், கீழே பார்த்தார், கடைசியில் திரும்பி வண்டித்தடத்துக்கு அக்கட்டில் பார்த்தார். கொறங்காடு நிழலும் புல்லுமாக நின்றது. நேரே சுப்பண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார்.

“ஒரே ஒரு நாள், சுப்பண்ணன். துரை பார்த்துவிட்டுப் போய்விடுவார். நீரும் கமிட்டி மெம்பர் அல்லவா?”

“சரிங்க,” என்றார் சுப்பண்ணன்.

உள்ளேயிருந்து தெய்வாத்தாள் வந்தாள். “அதென்னுங்க சரிங்க? வந்த ஒறம்பரை சனத்துக்கு ஊடு பத்தலைன்னு ஊட்டைக் கேட்டாக் குடுக்கலாம். காட்டைக் கேக்கறாங்களே, இது எந்த ஊரு ஞாயமுங்க?”

“ஒரு நாளைக்குத்தானே, அம்மா.”

“ஒரு நாளைக்குன்னு உள்ள வந்தவிய எத்தனை பேருங்க வெளிய போயிருக்கறாங்க?”

ரேஞ்சர் சிரித்தார். சுப்பண்ணனும் மரியாதைக்குச் சிரித்தார். மறுநாள் கரட்டைச் சுற்றி நட்டிருந்த ஆறு எல்லைக் கற்களையும் பிடுங்கி வண்டியில் ஏற்றி வந்து கிளுவை வேலி ஓரமாக நட்டார்கள். வெள்வேல மரங்களுக்கெல்லாம் தாரால் நம்பர் எழுதினார்கள். மரங்கள் நூற்று நாற்பதுதான் தேறின. அதனால் நம்பரை நாற்பதாயிரத்து ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்கள். மாடுகளை ஓட்டி வந்து வீட்டுக்குப் பின்னால் கட்டச் சொன்னார்கள்.

துரை வந்தார். உயரமான மனிதர், முட்டிவரை சப்பாத்து. படலுக்குள் நுழைந்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டார். புல்லைத் தொட்டுப் பார்த்தார், மரத்தைத் தட்டிப் பார்த்தார். எப்படி இவ்வளவு நன்றாக வந்தது என்று கேட்டார். விதி முப்பத்தேழு என்றார் ரேஞ்சர். துரை இங்கிலீஷில் ஒரு பிரசங்கம் செய்ய, ரேஞ்சர் அதைத் தமிழில் சொன்னார்.

“துரை அவர்கள் சொல்கிறார்கள்: காட்டுக்கு முதல் விரோதி மாடு. இரண்டாவது விரோதி மாட்டுக்காரன். இருவரையும் வெளியே வைத்தால் காடு எப்படிச் செழிக்கும் என்பதற்கு இதுவே அத்தாட்சி.”

வீட்டுப் பின்புறத்திலிருந்து செவலை கத்தியது. அது சினையாக இருந்தது, வயிற்றுப் பசி.

வேலியோரம் நின்றிருந்த தெய்வாத்தாளுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. “ஏனுங்க தொரை, மாடுந் தின்னாம இந்த மரம் எங்கீங்க மொளைச்சுது? வெள்வேலங் காயை மாடு திங்கும். திங்கற காயில வெதை சாணியோட வுழுந்துதானுங்க மொளைக்கும். சும்மா போட்ட வெதை பத்துல ஒண்ணு மொளைக்காது. மாட்டை வெரட்டிப்போட்டா நாளைக்கு மரத்துக்கு எங்க போவீங்க?”

இவள் என்ன சொல்கிறாள் என்று துரை கேட்டார்.

“சர்க்காருக்கு நன்றி சொல்கிறாள்,” என்று இங்கிலீஷில் சொன்னார் ரேஞ்சர். நான் பக்கத்தில்தான் நின்றேன். என் மூன்றாம் பாரத்து இங்கிலீஷுக்கே அது புரிந்தது. அன்றைக்கு வாயைத் திறக்காமல் நின்றேனே என்று பிற்பாடு நொந்துகொண்டேன்.

துரை மனம் குளிர்ந்து, போகும்போது உத்தரவு போட்டுவிட்டுப் போனார். இந்தக் காட்டுக்கு ‘ஓணாங்கரட்டு மாதிரி வனம்’ என்று பெயர். ஐந்து வருஷத்துக்கு எந்தக் கால்நடையும் நுழையாமல் மூட வேண்டும். பிற மாகாண உத்தியோகஸ்தர்களை அழைத்து வந்து காட்ட வேண்டும்.

மூன்று வாரத்தில் நோட்டீஸ் வந்தது. சர்வே நம்பர் 212, எட்டு ஏக்கர், மாதிரி வனமாக மூடப்பட்டது. ஆட்சேபணை இருந்தால் மூன்று மாதத்துக்குள் தெரிவிக்கலாம். நோட்டீஸில் போட்டிருந்த தேதி நான்கு மாதத்துக்கு முந்தியது. துரை காட்டைப் பார்ப்பதற்கு முன்பே கெடு முடிந்துவிட்டது. அவ்வளவு முன்யோசனை.

சுப்பண்ணன் பேரில் நான் மனு எழுதினேன். நல்ல மனு. பட்டா நகல் வைத்து, கிஸ்தி கட்டிய ரசீது வைத்து எழுதினேன். அதற்குப் பதில் வந்தது: ‘உம்முடைய மனு அபிப்பிராயத்துக்காக உள்ளூர்க் கமிட்டிக்கு அனுப்பப்பட்டிருக்கிறது.’ கமிட்டியின் முதல் உறுப்பினர் சுப்பண்ணன். ஆக, சுப்பண்ணனின் மனுவைப் பற்றிச் சுப்பண்ணன் அபிப்பிராயம் சொல்ல வேண்டும். சாவடியில் கூட்டம் கூடிற்று. ரேஞ்சர் மனுவை முழுசாக வாசித்துவிட்டு, “இந்த விஷயம் சட்டப்படி பரிசீலிக்கப்பட வேண்டியது, என்ன சுப்பண்ணன்?” என்றார்.

“சரிங்க,” என்றார் சுப்பண்ணன்.

‘மனுதாரர் இலாகாவின் நடவடிக்கை சரி என்று ஒப்புக்கொண்டார்’ என்று மினிட் புத்தகத்தில் ஏறிவிட்டது.

அன்றைக்குச் சாயங்காலம் சுப்பண்ணன் சோறு தின்னவில்லை. “நாஞ் சொன்ன சரிங்க, வாங்க போங்கங்கற மாதிரிச் சொன்னதுங்க. அதைப்போயி எழுதிப்போட்டாங்களே,” என்று என்னிடம் அழாத குறையாகச் சொன்னார். தெய்வாத்தாள் அவரைத் திட்டவில்லை. விடிந்ததும் எழுந்து, வழக்கம்போலப் படலைத் திறந்து மூன்று மாடுகளையும் உள்ளே விட்டாள்.

மதியத்துக்குள் கரீம் வந்து மாடுகளைத் தொண்டுப்பட்டிக்கு ஓட்டிப் போனார். அடுத்தவன் வெள்ளாமையில் மேய்ந்த மாட்டை அடைத்து வைக்கும் இடம் அது. நாலு பக்கமும் கல் சுவர், மேலே ஆகாயம். அதன் பொறுப்பு மணியகாரர் அரங்கசாமியிடம். கரீமுக்கே முகமில்லை. “நான் உத்தரவுக்காரனுங்க அம்மிணி. தண்ணி காட்டிப்போட்டுத்தான் அடைச்சேனுங்க,” என்றார்.

அபராதம் ஒரு பெரிய காரியமே இல்லை. கட்டிவிடலாம். ஆனால் மணியகாரர் ஒரு பெரிய புத்தகத்தைத் தள்ளினார். “அபராதங் கட்டுனாப் போதாதுங்க. இதுல கையெழுத்துப் போட்டாத்தான் மாட்டை அவுத்து உட முடியும்.”

நான் வாசித்தேன். ‘மேற்படி கால்நடைகள் சர்வே நம்பர் 212, சர்க்கார் மாதிரி வனத்தில் அத்துமீறி மேய்ந்தன என்பதை உடையவராகிய நான் ஒப்புக்கொள்கிறேன்.’

சுப்பண்ணன் பேனாவை வாங்கக் கை நீட்டினார். தெய்வாத்தாள் அவர் கையைப் பிடித்துவிட்டாள். “நில்லுங்க. இதுல கையெழுத்துப் போட்டுப்போட்டா காடு அவிய காடுன்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரிங்க. மாடு வந்துரும். வந்து எங்கீங்க மேயும்?”

“செவலை செனையா இருக்கங்காட்டி…” என்றார் சுப்பண்ணன்.

“எனக்குந் தெரியுமுங்க!” என்று சத்தம் போட்டாள். கண்ணெல்லாம் தண்ணி.

மணியகாரர் விசிறியை ஆட்டிக்கொண்டே சொன்னார். “பாத்துக்குங்க அம்மிணி. ஏழு நாள். எட்டாம் நாள் பொழுது வெடிஞ்சா ஏலம். நான் யாரு பக்கமும் இல்லீங்க. பொஸ்தகத்துல என்ன எழுதியிருக்குதோ அதான் என்ற பக்கம்.”

தெய்வாத்தாள் ஆறு நாளும் காலையும் மாலையும் தலையில் சோளத்தட்டும், இடுப்பில் தண்ணிக் குடமுமாகத் தொண்டுப்பட்டிக்கு நடந்தாள். செவலை சுவரின் நிழல் இருந்த மூலையிலேயே படுத்துக் கிடந்தது. மாசாணமும் தட்டுச் சுமந்தான்.

ஏழாம் நாள் காலையில் தட்டை இறக்கி வைத்துவிட்டு அவன்தான் அதைச் சொன்னான். சொல்லலாமா கூடாதா என்று தலையைச் சொரிந்துகொண்டு, “பண்ணாடிச்சிங்க, நம்ம காட்டுல ரேஞ்சரு குதிரை மேயுதுங்க,” என்றான்.

“எப்ப இருந்து?”

“அஞ்சாறு நாளா தெனமும் பொழுது வெடிஞ்சா உட்டுப்போட்டுப் போறாங்க. கரட்டுல பாறையைத்தானுங்க திங்கோணும்?”

தெய்வாத்தாள் மணியகாரரின் அந்தப் பெரிய புத்தகம் இருந்த திண்ணையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, அந்த வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள். “மாசாணா, கவுத்தை எடு,” என்றாள்.

பத்து மணிக்கெல்லாம் சிவப்புக் குதிரை தொண்டுப்பட்டிக்குள் செவலைக்குப் பக்கத்தில் நின்றது. கொழுக்கட்டைப் புல் தின்று நன்றாக மினுமினுத்தது. மணியகாரருக்கு வேர்த்துவிட்டது. “அம்மிணி, இது ரேஞ்சரு குதிரைங்க!”

“நாலு காலுந் தானுங்களே இருக்குது? என்ற காட்டுல மேஞ்சுது, புடிச்சுட்டு வந்தேன். மாட்டுக்கு எழுதுன பொஸ்தகத்துல எழுதுங்க. சர்வே நம்பரு எரநூத்திப் பன்னெண்டு.”

புத்தகம் மணியகாரரின் பக்கம் அல்லவா? எழுதினார்.

அரை மணியில் ரேஞ்சர் ஓடி வந்தார். அன்றைக்கென்று அவருக்கு அவசரம். பிற மாகாணத்து உத்தியோகஸ்தர்கள் பதினொரு பேரோடு துரை மதிய ரயிலில் ஊத்துக்குளி ஸ்டேஷனில் இறங்குகிறார். குதிரை இல்லாமல் அத்தனை மைலும் போய் மாலை போட முடியாது.

“யார் பிடித்தது என் குதிரையை? அது இலாகாக் குதிரை! இலாகாக் காட்டில் இலாகாக் குதிரை மேய்வது மேய்ச்சல் அல்ல, தணிக்கை!” என்று கத்தினார்.

“அப்பச் சரிங்க,” என்றாள் தெய்வாத்தாள் அமைதியாக. “அது சர்க்கார் காடுன்னே எழுதச் சொல்றேனுங்க. அஞ்சு வருசத்துக்கு மூடுன காட்டுல ரேஞ்சரு குதிரை மேஞ்சுதுன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. தொரை பொழுதோட வாராருங்களாமா, அவருக்கும் ஒரு காப்பி எழுதிக் குடுத்துப்போடலாம்.”

அந்தச் சமயம் பார்த்து எனக்கு நாக்கு வந்தது. கமிட்டிக்கென்று கொடுத்த விதிப் புத்தகத்தைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். உரக்க வாசித்தேன். “விதி அறுபத்திரண்டு. மூடப்பட்ட வனத்தில் கால்நடையை அனுமதித்த உத்தியோகஸ்தர் விசாரணை முடியும்வரை வேலை நீக்கம் செய்யப்படுவார். விதி அறுபத்து மூன்று. அவ்வாறு பிடிபட்ட பிராணி கன்சர்வேட்டரின் எழுத்துமூலமான உத்தரவு இல்லாமல் விடுவிக்கப்படலாகாது.”

ரேஞ்சர் அந்தப் புத்தகத்தை முதல் தடவையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு சுப்பண்ணன் பக்கம் திரும்பினார். குரல் தேனாகிவிட்டது.

“சுப்பண்ணன், இதெல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம். இப்போது ஊரில் சொல்லி ஒரு வண்டியைக் கட்டும். ஸ்டேஷனுக்குப் போய்வருவோம். என்ன?”

எல்லோரும் சுப்பண்ணனைப் பார்த்தோம். நாற்பத்தைந்து வருஷத்து ‘சரிங்க’ அவர் உதடு வரை வந்தது எனக்கே தெரிந்தது. அவர் துண்டைத் தோளிலிருந்து கையில் எடுத்துக்கொண்டார். கை கூப்பினார்.

“மாட்டேனுங்க,” என்றார்.

“என்ன?”

“மாட்டேனுங்க. தப்பா எடுத்துக்காதீங்க. அன்னிக்கிச் சொன்ன சரிங்கெல்லாங்கூட இந்த மாட்டேனுங்கதானுங்க. எழுதறதா இருந்தா இதையும் எழுதிக்குங்க.”

கரீம் வாயைப் பொத்திக்கொண்டு சுவருக்கு அக்கட்டில் போய்விட்டார். ஊரில் வேறு வண்டிக்கும் ரேஞ்சர் ஆள் அனுப்பிப் பார்த்தார். எல்லா வீட்டிலும் உட்காரச் சொல்லி, மோர் கொடுத்து, சௌக்கியம் விசாரித்து, மாட்டேனுங்க என்று சொல்லி அனுப்பினார்கள்.

சர்க்கார் காடு என்று எழுதினால் குதிரையும் வராது, வேலையும் போகும் என்பதால், பதினொன்றரை மணிக்கு ரேஞ்சர் பேனாவைப் பிடித்தார். நான் சொல்லச் சொல்ல மணியகாரர் எழுதியிருந்தார்: ‘சர்வே நம்பர் 212, சுப்பண்ணன் பட்டா கொறங்காட்டில் என் குதிரை அத்துமீறி மேய்ந்தது என்பதை உடையவராகிய நான் ஒப்புக்கொள்கிறேன்.’ கையெழுத்துப் போட்டு, உத்தியோகப் பதவியையும் கீழே எழுதினார். எழுத மறந்திருந்தார், தெய்வாத்தாள்தான் எழுத வைத்தாள்.

குதிரை போன புழுதி அடங்குவதற்குள் மணியகாரர் புத்தகத்தின் முந்தின பக்கத்தைத் திருப்பினார். “எரநூத்திப் பன்னெண்டு சுப்பண்ணன் காடுன்னு ஆபீசரே எழுதிப்போட்டாருங்க. அவிய மாடு அவிய காட்டுல மேஞ்சதுக்கு அபராதம் ஏதுங்க?” என்று கதவைத் திறந்துவிட்டார். செவலையைத் தூக்கி நிறுத்த மாசாணமும் சுப்பண்ணனும் தோள் கொடுக்க வேண்டியிருந்தது.

சாயங்காலம் துரையும் பதினொரு பேரும் வந்தபோது ரேஞ்சர் அவர்களை நிஜமான கரட்டுக்கு அழைத்துப் போனார். வேறு வழியில்லை. துரை பாறையைப் பார்த்து அசந்துபோய், நாற்பத்தோராயிரத்து அறுநூறு மரங்கள் எங்கே என்றார். ரேஞ்சர் கெட்டிக்காரர். கமிட்டி அமைத்த இரண்டே மாதத்தில் ஊர்க்காரர்கள் வெட்டிவிட்டார்கள், வேர்கூட மிச்சமில்லை என்றார். பதினொரு பேரும் குறித்துக்கொண்டார்கள். மக்களைக் கலந்துகொள்வதால் வரும் அபாயத்துக்கு இதுவே அத்தாட்சி என்று துரை அறிக்கை எழுதினார். விதிகள் நூற்றுப் பதினான்கு போதவில்லை என்று நூற்று நாற்பதாக்கினார்கள். அவற்றை எழுத ரேஞ்சரையே பதவி உயர்த்திக் கோயமுத்தூருக்கு அழைத்துக்கொண்டார்கள்.

இதில் எனக்கு மறக்கவே மறக்காத ஒன்று உண்டு. கரட்டிலிருந்து இறங்கும்போது துரை வண்டித்தடத்தருகே நின்றார். கொறங்காட்டில் மூன்று மாடுகளும் மேய்ந்துகொண்டிருந்தன. அதே புல், அதே நூற்று நாற்பது மரம். தாரில் எழுதிய நம்பர்கூட அழியவில்லை.

“பார்த்தீர்களா? மாடு புகுந்த இடம். எவ்வளவு சீரழிந்துவிட்டது,” என்று இங்கிலீஷில் சொல்லித் தலையை ஆட்டினார். பதினொரு பேரும் ஆட்டினார்கள்.

படலைப் பிடித்துக்கொண்டு நின்ற தெய்வாத்தாள், துரை என்ன சொன்னார் என்று என்னிடம் கேட்டாள். இந்தத் தடவை நான் உள்ளபடியே சொன்னேன். அவள் துரையைப் பார்த்துக் கும்பிட்டாள். “போயிட்டு வாங்க,” என்று சொல்லிப் படலைச் சாத்திக் கட்டினாள்.

அடுத்த வாரம் எல்லைக் கற்களை எடுத்துப்போகக் கரீம் வண்டியோடு வந்தார். ஐந்தைப் பிடுங்கி ஏற்றினார். ஆறாவது கல்லில் கை வைத்தபோது தெய்வாத்தாள் தடுத்தாள்.

“கரீம் பாய், அது ஒண்ணு இருக்கட்டுமுங்க. மாடு கழுத்துத் தேச்சுக்க இங்க வேற நல்ல கல்லு இல்லீங்க.”

“ஐயோ அம்மிணி, கணக்குல ஆறு கல்லுங்க. அஞ்சோட போனா நான் என்னன்னு எழுதறது?”

“நூத்துக்கு நாலு வீதம் பெருகிக்கும்னு எழுதுங்க.”

கரீம் யோசித்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்து, வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அடுத்த மார்ச் மாதக் கணக்கில் ஓணாங்கரட்டுக்கு ஆறு கற்கள் இருந்ததாக அவரே வந்து சொன்னார்.

செவலை பங்குனிக் கடைசியில் கிடாரிக் கன்று போட்டது. தொண்டுப்பட்டியில் கிடந்ததாலோ என்னவோ கன்று கொஞ்சம் மெலிவு. ஒரு மாதத்தில் தேறிவிட்டது. தாயும் கன்றும் தினமும் மேய்ந்து முடித்ததும் நேராக அந்தக் கல்லுக்குத்தான் வரும். சர்க்கார் முத்திரை வெட்டியிருந்த பக்கத்தில்தான் சொரசொரப்பு அதிகம். செவலை அதில் கழுத்தை வைத்துத் தேய்க்கும், கன்று தன் முறைக்குக் காத்து நிற்கும்.